மாதிரி விடைப்படி ஒரு மிதக்கும் மேடை

தன்னாமுனை மேனுகாவுக்கு முப்பத்தைந்து வயதில் திரும்பவும் பை தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிற யோகம் அடித்தது. யோகம் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அது பத்திரிகையின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம்.

பதினொரு வருடமாக அவள் அந்தப் பத்திரிகையின் பிரதேச நிருபர். ஸ்கூட்டியை எடுத்தாளென்றால் ஏறாவூர்ச் சந்தையில் தொடங்கி வெல்லாவெளி வயல் வரைக்கும் போய்வருவாள். யானை வீட்டுச் சுவரை இடித்ததா, வாவியில் மீன் செத்து ஒதுங்கியதா, பள்ளிக்கூடத்துக் கிணறு இறைக்காமல் கிடக்கிறதா, எதுவானாலும் கண்ணால் பார்த்து, நாலு பேரிடம் கேட்டு, மர நிழலில் நின்றபடியே போனில் தட்டி அனுப்பிவிடுவாள். பிழையே விட்டதில்லையா என்றால், விட்டிருக்கிறாள். ஒருமுறை உயிரோடிருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டுவிட்டாள். அடுத்த நாள் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, அவர் மனைவி கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்து திருத்தம் போட்டாள்.

கடிதம் என்ன சொன்னதென்றால், ஊடகத்துறையின் தராதரத்தைப் பேணும் உன்னத நோக்கில், அடுத்த வருட டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குப் பிறகு பல்கலைக்கழக டிப்ளோமா உள்ளவர்களுக்கு மட்டுமே நிருபர் அட்டை புதுப்பிக்கப்படும். அட்டை இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலும் பொலிஸ் வாசலிலும் கூட்ட மண்டப வாசலிலும் நிற்க வேண்டியதுதான். செய்தியின் கீழ் பெயரும் வராது. மேனுகா அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். மூன்றாம் தரமும் அது அதையே சொன்னது.

அண்ணன் முறையில் நானா என்று அவள் கூப்பிடும் பிராந்திய ஆசிரியர் சாலிஹுக்குப் போன் எடுத்தாள்.

“சாலிஹ் நானா, பதினொரு வருஷம் எழுதினது தராதரம் இல்லயா?”

“எனக்கிட்டக் கேக்காதீங்க தங்கச்சி. எனக்கும் சேத்துத்தான் கடிதம் வந்திரிக்கி. நான் ஆசிரியரெண்டபடியா எனக்கு ரெண்டு நாள் கருத்தரங்கோட விட்டுட்டாங்க. நீங்க போய்ப் படிங்க. சனி, ஞாயிறுதானே.”

வேறு வழியில்லை. வாவியோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தத் துறை இருந்தது. தொடங்கிய காலத்தில் அதன் பெயர் இதழியல் துறை. பிறகு ஊடகவியல் ஆனது. அதன் பிறகு வெகுசனத் தொடர்பாடல். இப்போது ‘எண்ணிமக் கதையாடல் மற்றும் உள்ளடக்க முகாமைத்துவத் துறை’. பெயர் மாற மாற அதே பலகையின்மேல் வர்ணம் அடித்து அடித்து எழுதியதில், பழைய எழுத்துகள் புதிய வர்ணத்துக்கு அடியில் புடைத்துக்கொண்டு தெரிந்தன. பாடக்குறிப்புகள் மட்டும் தொடக்க காலத்தில் தட்டச்சு செய்தவை. பெயர் மாற்றுகிற வேலை இருந்ததால் அவற்றை மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

துறைத்தலைவர் கலாநிதி வினாயகமூர்த்தி நல்ல மனிதர். யாரையும் அதட்டமாட்டார், பிள்ளைகளின் பெயரை மறக்கமாட்டார். ‘முன்பக்கத் தலைப்புகளில் வியப்புக்குறியின் வீழ்ச்சி’ என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். இருபத்தெட்டு வருடச் சேவையில் ஒருநாளாவது ஒருவருக்குப் போன் எடுத்து ‘என்ன நடந்தது?’ என்று கேட்டதாக மட்டும் தகவல் இல்லை. முதல் விரிவுரையிலேயே அவர் மேனுகாவைத் திணறடித்துவிட்டார்.

“செய்தி என்பது ஒரு நிகழ்வு அல்ல. நிகழ்வு பற்றிய கட்டமைப்பே செய்தி. ஆகவே நிகழ்வு இல்லாமலும் செய்தி இருக்கலாம். செய்தி இல்லாமல் நிகழ்வுதான் இருக்க முடியாது.”

நாற்பது பேர் குனிந்து எழுதினார்கள். மேனுகா கையை உயர்த்தினாள்.

“சேர், ஆக்களிட்டப் போய்க் கேக்கிறது எந்தப் பாடத்தில வரும்?”

“நேர்காணலா? அது விருப்பத்தெரிவுப் பாடம். மூன்று வருடமாக யாரும் தெரிவு செய்யாதபடியால் நிறுத்திவிட்டோம். நல்ல கேள்வி. உட்காருங்கள்.”

பக்கத்தில் இருந்த ஏறாவூர் றம்ஸீன் அவள் முழங்கையில் தட்டினான். அவன் முகநூலில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறவன். மற்றவர்கள் போடுவதை எடுத்துத் தன் பெயரைப் போடுவதில் கெட்டிக்காரன். மற்றபடி தங்கமான பிள்ளை.

“மேனுகாக்கா, கேள்வி கேட்டா வகுப்பு முடியப் பிந்தும். பேசாம எழுதுங்க.”

ஒரு வருடப் படிப்பும் ஒருவாறு ஓடியது. கோட்பாட்டுப் பாடங்கள் எல்லாவற்றிலும் மேனுகா சித்தியடைந்துவிட்டாள். மிஞ்சியது ‘நேரடிச் செய்தியறிக்கையிடல் – செய்முறை’ என்ற ஒரேயொரு பரீட்சை. அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நேரடியாக ஒரு இடத்துக்குப் போய், பார்த்து, எழுத வேண்டும். அவ்வளவுதானே? பதினொரு வருடமாக அவள் செய்வது அதைத்தானே?

இந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த வினாத்தாளாக இருந்தாலும், அதற்கான மாதிரி விடையும் புள்ளித் திட்டமும் பரீட்சைக்கு ஆறு கிழமைக்கு முன்பே வெளியூரில் இருக்கும் மட்டுறுத்துநர் ஒருவருக்குப் போக வேண்டும். அவர் பார்த்து, சரி என்று ஒப்பம் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட அசைக்க முடியாது. கணக்குப் பாடத்துக்கு இது அருமையான விதி. ஆனால் நேரடிச் செய்திக்கும் அதே விதிதான். அதாவது, மார்ச் பதினாலாம் திகதி நடக்கப்போகும் விழாவைப் பற்றிய செய்தியை ஜனவரி மாதமே எழுதி அனுப்பிவிட வேண்டும்.

துறைக்குள் பரீட்சை வேலைகளைப் பார்த்தவர் இளம் விரிவுரையாளர் யதுர்ஷன். ‘துறையின் நேரலைச் செய்தி ஆய்வுகூடம் திறந்துவைக்கப்பட்டது பற்றி ஒரு செய்தி எழுது’ என்று கணினியிடம் கேட்டார். அது ஒரு நிமிடத்துக்குள் எழுதிக் கொடுத்தது. யாரும் கேட்காமலே ‘வாவியின் நீர்மேல் அமைக்கப்பட்ட அழகிய மிதக்கும் மேடையில் இருபத்தைந்து பிரமுகர்கள் வீற்றிருக்க’ என்று ஒரு வரியையும் சேர்த்துக் கொடுத்தது. யதுர்ஷன் கவனிக்கவில்லை. வினாயகமூர்த்தி ஒப்பம் வைக்கும்போது வாசிக்கவில்லை. வெளியூர் மட்டுறுத்துநருக்கோ அந்த வரிதான் மிகவும் பிடித்துப்போனது. பக்கத்தில் ‘அருமை’ என்று எழுதி ஒப்பம் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

துறையில் யாரிடமும் மிதக்கும் மேடை இல்லை. ஆனால் விடை வந்துவிட்டதே. இனி விழாவைத்தான் விடைக்கு ஏற்றமாதிரி நடத்த வேண்டும்.

மாதிரி விடை பரம இரகசியம். ஆனால் அதன்படிதான் கதிரையும் வாழைமரமும் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததால், கதிரை ஏற்றி வந்தவருக்கும் வாழை கட்டியவருக்கும் அது மனப்பாடம். தெரியாமல் இருந்தது பரீட்சை எழுதப்போகிற நாற்பத்தொரு பேருக்கு மட்டும். அவர்களிலும் நாற்பது பேருக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. மேனுகா அன்றைக்கு வெல்லாவெளியில் யானை வேலியைப் பார்க்கப் போயிருந்தாள்.

பரீட்சை அன்று அவள் நிருபர் வழக்கப்படி ஒரு மணித்தியாலம் முந்தியே வாவிக்கரைக்கு வந்துவிட்டாள். கரையிலிருந்து முப்பது அடி தள்ளி, இரண்டு மீன்பிடித் தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, பலகைக்கு மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். தோணிகளின் சொந்தக்காரர் முகைதீன்பாவா, அறுபது வயது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கலாநிதி வினாயகமூர்த்தியோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

“சேர், இது பதினாலு பேரத்தான் தாங்கும். அதுக்கு மேல ஏத்தினா தண்ணிக்குள்ள தாண்டிரும்.”

“இருபத்தைந்து என்று உள்ளது, பாவா.”

“எங்க உள்ளது?”

“அதைச் சொல்ல முடியாது. இரகசியம்.”

“இருபத்தஞ்செண்டு எழுதின ஆள் தோணியக் கண்டிரிக்காரா?”

“அவர் வெளியூரில் இருக்கிறார். ஒப்பம் வைத்துவிட்டார். இனி ஒன்றும் செய்ய இயலாது.”

முகைதீன்பாவா வாவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் மேனுகாவைப் பார்த்தார். “நல்ல வேள, இந்த இடத்தில தண்ணி இடுப்பளவுதான் மகள்” என்றார்.

ஒன்பது மணிக்கு விழா தொடங்கியது. பிரமுகர்கள் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். வினாயகமூர்த்தி கலங்கவில்லை. நூலக உதவியாளர் இருவர், பூங்கா வேலைக்காரர் மூவர், ஒலிபெருக்கி கட்ட வந்தவர் ஒருவர் என்று ஆறு பேரைப் பிடித்து, கழுத்தில் மாலையைப் போட்டு மேடைக்கு அனுப்பினார். எண்ணிப் பார்த்தார். இருபத்தைந்து. பெருமூச்சு விட்டார்.

உபவேந்தர் நாடாவை வெட்டி அமர்ந்ததும் துறைத்தலைவர் பேச எழுந்தார். தண்ணீர் முதலில் முன்வரிசைச் சப்பாத்துகளைத் தொட்டது. இரண்டாம் பக்கம் வாசிக்கையில் கதிரைக் கால்களில் ஏறியது. யாரும் எழும்பவில்லை. உபவேந்தர் எழும்பாதபோது மற்றவர் எழும்புவது முறையல்ல. உபவேந்தரோ, உரை முடியுமுன் எழும்புவது முறையல்ல என்று இருந்தார். உரை இருபது நிமிடம் என்று விடையில் இருந்ததால் வினாயகமூர்த்தியும் நிறுத்தவில்லை. கம்பளம் மிதந்தது, மாலைகள் மிதந்தன, ஒலிபெருக்கி கட்ட வந்தவர் “அம்மாடியோ!” என்று முதலாவதாகக் குதித்தார். அதோடு மேடை ஒருபக்கம் சரிந்து மெல்ல இறங்கிவிட்டது. இருபத்து நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில், அதே வரிசையில், நின்றுகொண்டிருந்தார்கள். துறைத்தலைவர் கடைசிப் பக்கத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து வாசித்து முடித்தார்.

கரையில் நாற்பது பேர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். றம்ஸீன் மட்டும் ஒருதரம் நிமிர்ந்தான்.

“அக்கா, எல்லாரும் ஏன் தண்ணிக்குள்ள நிக்கிறாங்க?”

“மேடை தாண்டுட்டு தம்பி!”

“அதென்னவும் செய்யட்டும். சேர் பேசி முடிச்சிட்டாரா?”

மேனுகா அதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். முகைதீன்பாவாவும் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டிவருவதைப் பார்த்தாள். எத்தனை பேர், யாருக்காவது காயமா, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லப்பட்டது, யார் சொன்னார், யார் கேட்கவில்லை, எல்லாம் கேட்டாள். ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற உபவேந்தரிடமும் கேட்டாள். அவர், “விழா சிறப்பாக நடைபெற்றது” என்றார். அதையும் எழுதிக்கொண்டாள். ஐந்து பந்தியில் செய்தி. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து அதையே போனில் தட்டிச் சாலிஹுக்கும் அனுப்பினாள். அடுத்த நாள் முன்பக்கத்தில், அவள் பெயரோடு வந்தது. ஊரெல்லாம் சிரித்தது. தோணிக்காரர் பாடுதான் மோசம். ‘மேடை தாட்ட பாவா’ என்று காத்தான்குடிக் கடைத்தெருவில் அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

பெறுபேறு வந்தது. றம்ஸீன் தொண்ணூற்றொன்று. மற்றவர்கள் எல்லாரும் எண்பதுக்கு மேல். மேனுகா ஒன்பது. திகதிக்கு மூன்று, இடத்துக்கு இரண்டு, உபவேந்தரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியதற்கு நாலு. கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘வினாவுக்குத் தொடர்பற்ற விபரங்கள் மிகுதி.’

மேனுகா கோபத்தோடு துறைத்தலைவரின் அறைக்குப் போனாள். வாசலில் இருந்த அறிவித்தற் பலகையில் ‘எமது மாணவர் சாதனை’ என்ற தலைப்பின் கீழ் அவளுடைய முன்பக்கச் செய்தி, சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

வினாயகமூர்த்தி அவளை இருத்தி, தண்ணீரும் கொடுத்துத்தான் பேசினார்.

“மேனுகா, நீங்கள் எழுதியது பொய் என்று எவரும் சொல்லவில்லை. எனக்கும் காற்சட்டை நனைந்தது. ஆனால் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றுக்குப் புள்ளி கொடுக்க முடியுமா? நடப்பவற்றுக்குப் பின்னாலெல்லாம் ஓடினால் ஒரு பல்கலைக்கழகத்தின் கதி என்ன?”

“விழாவப் பத்தி எழுதச் சொன்னீங்க சேர். விழா தாண்டு போச்சி. நான் வேற என்னத்த எழுத?”

“மேடை மூழ்குவது அனர்த்த அறிக்கையிடல். அது பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம். டிப்ளோமாவில் மேடை மூழ்குவதில்லை.”

“அப்ப நான் என்ன எழுதியிருக்கணும்?”

“மற்ற நாற்பது பேரும் எழுதியதை.”

“அவங்க நடக்காததையெல்லோ எழுதினவங்க!”

“நாற்பது பேர் ஒன்றைச் சொல்கிறார்கள், ஒருவர் மட்டும் வேறொன்றைச் சொல்கிறார். புள்ளிவிபரவியலில் அந்த ஒன்றுக்கு என்ன பெயர் தெரியுமா? வழு.” அவர் உண்மையிலேயே வருந்தினார். “நவம்பரில் அடுத்த அணியோடு மீள்பரீட்சை எழுதலாம். டிசம்பருக்குள் பெறுபேறு தருகிறோம். கவலைப்படாதீர்கள்.”

மேனுகா வாவிக்கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நன்றாக அழுதாள். அழுது முடித்துச் சாலிஹுக்குப் போன் எடுத்தாள்.

“தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க,” என்றார் அவர். “நவம்பரில அவங்க கேக்கிறதக் குடுத்திட்டு அட்டைய எடுத்திருங்க. அதுக்குப் பொறகு காலம் முழுக்க உண்மைய எழுதலாம்.”

சரியான புத்தி. அப்படியே செய்வது என்று அவள் தீர்மானித்தாள்.

நவம்பர் முதற்கிழமை யதுர்ஷன் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் வழிந்தது.

“அக்கா, இந்தமுறை நீங்க கட்டாயம் பாஸ். நடைமுறையோட ஒட்டிப் படிப்பிக்கணுமெண்டு மேலிடத்தில சொல்லிட்டாங்க. அதால மாதிரி விடைய மாத்திட்டம். இப்ப மாதிரி விடை என்ன தெரியுமா? உங்கட செய்தி! நீங்க பத்திரிகையில எழுதினது, அப்பிடியே!”

“மேடை தாண்டதா?”

“ஓம். ஒன்பது முப்பத்தஞ்சுக்குத் தாழும். மட்டுறுத்துநர் ஒப்பம் வச்சிட்டார்.”

மேனுகா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள். “திரும்பவும் மேடையத் தாழ்க்கப் போறீங்களா யதுர்ஷன்?”

“விடையில இருக்கே அக்கா.”

ஆனால் இந்தமுறை ஒருவரோடு யாரும் கலந்துபேசவில்லை. எட்டு மாதமாகக் கடைத்தெருவில் பட்ட அவமானத்தை முகைதீன்பாவா மறப்பாரா? இரண்டு தோணிக்குப் பதில் நாலு தோணி கட்டினார். ஒவ்வொரு தோணிக்கும் இருபக்கமும் காற்றடைத்த நீலப் பீப்பாக்கள். அடியில் முதிரை மரத்தில் குறுக்குச் சட்டம். பரீட்சை நாள் காலையில் மேடையின்மேல் ஏறி நின்று ஒருமுறை காலால் ஓங்கி உதைத்தும் காட்டினார்.

“இது தாண்டு போனா, நான் தொழிலையே உட்டுட்டுப் போறன் மகள்,” என்றார் மேனுகாவிடம்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒன்பது மணிக்கு, அதே ஆய்வுகூடத்தை இன்னொருமுறை திறந்துவைக்கவென்று இருபத்தைந்து பேர் ஏறினார்கள். மேடை அசையவில்லை. ஒன்பது இருபதுக்குத் துறைத்தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மேலும் பத்துப் பேரை ஏற்றினார். ஒன்பது முப்பதுக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள், வாழைமரங்கள், அலுவலகத்து இரும்பு அலுமாரி ஒன்று. மேடை பள்ளிவாசல் முற்றம் மாதிரி அப்படியே இருந்தது. ஒன்பது முப்பத்தைந்தும் ஆயிற்று.

“இன்னும் பத்துப் பேர ஏத்துங்க சேர், தாங்கும்!” என்று கரையிலிருந்து பெருமையோடு கத்தினார் முகைதீன்பாவா.

உபவேந்தரும் துறைத்தலைவரும் இரகசியமாகக் கலந்துரையாடினார்கள். பிறகு வினாயகமூர்த்தி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பார்ந்த சபையோரே, பரீட்சையின் புனிதத்தைக் கருத்திற்கொண்டு, அனைவரும் எழுந்து நின்று, நான் மூன்று எண்ணும்போது ஒருமித்துத் துள்ளுமாறு தயவுடன் வேண்டுகிறேன். கனிஷ்ட விரிவுரையாளர்கள் முதலில். ஒன்று... இரண்டு...”

துள்ளினார்கள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி துள்ளினார்கள், கழுத்துப்பட்டி தோளுக்கு மேலே பறக்கத் துள்ளினார்கள். பேராசிரியர்கள் தங்கள் தரத்துக்கு ஏற்ப நிதானமாகத் துள்ளினார்கள். உபவேந்தர் துள்ளவில்லை. குதிக்காலை மட்டும் உயர்த்தி உயர்த்தி வைத்தார். மேடை சும்மா தாலாட்டுகிறமாதிரி ஆடிவிட்டு நின்றது.

கரையில் புதிய அணி மாணவர் நாற்பது பேரும் ‘மேடை மூழ்கியதில் உபவேந்தர் உட்பட இருபத்தைந்து பேர் பத்திரமாக மீட்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யதுர்ஷன் மேற்பார்வை செய்கிற பாவனையில் மேனுகாவின் அருகில் வந்து நின்றார்.

“அக்கா, உங்கட சொந்த வசனம். ஒரு சொல் மாத்தாம எழுதுங்க. நூறுக்கு நூறு.”

அவளுக்கு அது முழுவதும் மனப்பாடம். தலைப்பையும் முதல் வரியையும் எழுதிவிட்டாள். மார்ச் மாதத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்த வரி. இன்னும் நாலு பந்தி. பிறகு அட்டை, பெயர், திறந்துவிடுகிற வாசல்கள் எல்லாம் வந்துவிடும். நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் துறைத்தலைவர் வியர்க்க விறுவிறுக்க, கண்ணை மூடிக்கொண்டு, தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தார். கரையில் முகைதீன்பாவா இடுப்பில் கைவைத்து நின்றார். இந்த மனுசன் கட்டிய மேடை தாண்டுபோனதென்று இன்னொரு தரம் எழுதினால் அவர் எந்த முகத்தோடு கடைத்தெருவுக்குப் போவார்?

மேனுகாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் முந்தியது. எழுதியதைக் குறுக்கே வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள்: ‘வாவியில் அமைக்கப்பட்ட மிதக்கும் மேடையை மூழ்கடிக்கப் பல்கலைக்கழகப் பிரமுகர்கள் முப்பத்தைந்து பேர் நேற்று இருபது நிமிடம் துள்ளியும் மேடை மூழ்கவில்லை. மேடையை அமைத்தவர் முகைதீன்பாவா.’

பெறுபேறு: ஐந்து. போனமுறை கிடைத்த நாலும் இந்தமுறை இல்லை, உபவேந்தரின் பெயரை எழுத அவள் மறந்துபோனாள். சிவப்புக் குறிப்பு இப்படி இருந்தது: ‘மாணவி தனது சொந்தச் செய்தியையே சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை.’

டிசம்பர் முப்பத்தொன்று வந்தது, போனது. அட்டை செத்துப்போயிற்று. “செய்திய அனுப்புங்க, போடுறன். பேர்தான் போடேலாது,” என்றார் சாலிஹ். “மனசுக்குச் சரியான கஷ்டமா இரிக்கி தங்கச்சி.” மேனுகா போனை வைத்தாள். பதினொரு வருடமாகப் பத்திரிகையைத் திறந்ததும் தன் பெயரைத் தேடிப் பழகிய கண், இரண்டு மூன்று நாளைக்குச் சும்மா தேடிக்கொண்டே இருந்தது.

ஜனவரி ஒன்பதில் அடைமழை. வாவி பொங்கி, வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் கதிர் தள்ளாத குடலைப் பருவத்து நெல் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்கு இறங்கும். வெட்டு என்கிறார்கள் வயற்காரர், வெட்டினால் இறால் போய்விடும் என்கிறார்கள் மீன்காரர். எப்போது வெட்டுவார்கள் என்று மாவட்டமே காத்திருந்தது. இதுபற்றி ஒரு திணைக்களத்தின் மண்டபத்தில் ஊடகச் சந்திப்பு என்று கேள்விப்பட்டு மேனுகா மழை அங்கியோடு போய் நின்றாள்.

வாசற்காவலர் அவளைப் பதினொரு வருடமாகத் தெரிந்தவர். “அட்டை, அக்கா?” என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே புத்தம்புது அட்டைகள் நாற்பது கழுத்துகளில் தொங்கின. குளிரூட்டி ஓடியது. றம்ஸீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளுக்குக் கை காட்டினான். அவள் திரும்பி ஸ்கூட்டியை எடுத்தாள். கல்லடிப் பாலத்தில் வந்தபோதே வாவித் தண்ணீர் ஒருபக்கமாக இழுபடுவது தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முறுக்கினாள்.

முகத்துவாரத்தில் இரண்டு பெக்கோ இயந்திரங்கள் விடியற்காலையே மணலை வெட்டித் திறந்துவிட்டிருந்தன. கலங்கல் தண்ணீர் பேரிரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது. வெல்லாவெளியிலிருந்து வந்த வயற்காரர் ஒருபக்கம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீன்காரர் மறுபக்கம் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவளைக் கண்டதும் இரண்டு பக்கத்தாரும் ஓடிவந்தார்கள்.

“இஞ்ச வாங்க புள்ள, எங்கட கதைய முதல்ல எழுதுங்க!”

“அவங்கட பொறகு எழுது மகள், இஞ்ச வந்து பாரு!”

அட்டை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள், எழுதினாள், படம் எடுத்தாள். நெஞ்சு நிறைந்து, மழை எது கண்ணீர் எது என்று தெரியாமல் நின்றபோது போன் அடித்தது. றம்ஸீன், குசுகுசுவென்று.

“அக்கா, எங்க நிக்கிறீங்க? இஞ்ச அறிக்கை தந்திட்டாங்க. முகத்துவாரம் நாளைக்குக் காலையிலதான் வெட்டுவாங்களாம். எல்லாரும் எழுதி அனுப்பிட்டாங்க. எனக்கு மட்டும் என்னமோ போல இரிக்கி. உண்மையா?”

“வெட்டி ஆறு மணித்தியாலம் றம்ஸீன். தண்ணி இறங்குது. நான் பாத்துக்கிட்டு நிக்கிறன்.”

றம்ஸீன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

“அப்ப நான் இப்ப என்ன செய்ய?”

“எழும்பி வெளிய வாங்க.”

“நடுவில எழும்பினா ஏதும் சொல்லுவாங்களே?”

“உள்ள போறதுக்குத்தான் தம்பி அட்டை கேப்பாங்க,” என்றாள் மேனுகா. “வெளிய வாறதுக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. வாங்க.”

இருபது நிமிடத்தில் றம்ஸீனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவன் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்தான், தண்ணீருக்குள் இறங்கி, ஆயுளில் முதன்முறையாக ஒரு மனுசரிடம் போய், “என்ன நடந்தது?” என்று கேட்டான்.